இணைப்பில்லா இடங்களில் காணொளி: சேமித்து வைக்கும் முறையும் அதன் விஞ்ஞானமும்

கிராமங்களுக்குச் செல்லும் விவசாய ஊழியர், சுகாதார ஊழியர், வகுப்பறையில் நின்று கற்பிக்கும் ஆசிரியர் ஆகிய அனைவரிடத்தும் இன்று ஒரு புதிய போதனைக் கருவி உள்ளது. விதை நேர்த்தி செய்யும் முறை, வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கலந்து கொடுக்கும் முறை, அமிலமும் காரமும் சேரும்போது நிகழும் மாற்றம் ஆகியவற்றைச் சொல்லால் விளக்குவதினும் செய்து காட்டி விளக்குவதே சிறந்தது. அவ்வாறு செய்து காட்டும் காட்சிகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. கைபேசி ஒன்றிருந்தால் அவற்றை எவரும் காணலாம்.

ஆயினும் இக்கருவி, அது மிகவும் தேவைப்படும் இடத்திலேயே பயன்படாமற் போவதுண்டு. மலைச்சரிவிலுள்ள பள்ளிக்கும், காட்டை ஒட்டிய குடியிருப்புக்கும், ஆற்றிடைத் தீவுக்கும் கைபேசிக் கோபுரத்தின் அலைகள் சரிவர எட்டுவதில்லை. கூலி வேலை முடிந்து மாலையில் மக்கள் கூடியிருக்கும்போது திரையில் ஒரு வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருக்குமானால், சிறிது நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். அன்றைய நிகழ்ச்சி வீணாவதோடு, அடுத்த முறை அவர்களை அழைப்பதும் கடினமாகிவிடும்.

இதனைத் தவிர்க்கும் வழி, காணொளியை முன்கூட்டியே சேமித்து எடுத்துச் செல்வதாகும். இது மிக எளிய காரியம் போலத் தோன்றுகிறது. ஆனால், சேமித்துவிட்டதாக எண்ணுகின்றவர்களுள் பலர் உண்மையில் சேமித்திருப்பதில்லை. களத்திற்குச் சென்ற பின்னரே அதனை உணர்கின்றனர். எது சேமிப்பு, எது சேமிப்பன்று என்பதையும், முறையாகச் சேமிப்பதற்கு அறிந்திருக்க வேண்டியவற்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னைய அனுபவங்கள்

காட்சியின் மூலம் கிராமங்களுக்குக் கல்வி புகட்டும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976ஆம் ஆண்டு ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் துணைகொண்டு, 6 மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களில் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடத்தப்பெற்றது. விவசாயம், சுகாதாரம், குடும்ப நலம், பள்ளிக் கல்வி ஆகியன பற்றிய நிகழ்ச்சிகள் செயற்கைக்கோளிலிருந்து நேராகக் கிராமத்துப் பெட்டிகளுக்கே வந்து சேர்ந்தன. உலகின் கவனத்தை ஈர்த்த முயற்சி இது. ஆயின் இதற்கு ஓர் எல்லை இருந்தது. ஒளிபரப்பும் நேரத்தில் பெட்டியின்முன் இருந்தவர்களே நிகழ்ச்சியைக் காண முடிந்தது. புரியாத பகுதியை நிறுத்திக் கேட்கவோ, மறுமுறை பார்க்கவோ வழியில்லை.

இக்குறையைச் சேமிப்பு முறை நீக்குகிறது. 2006ஆம் ஆண்டில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிப் பின்னர்த் தனி நிறுவனமான டிஜிட்டல் கிரீன், உள்ளூர் விவசாயிகளையே நடிக்கச் செய்து சிறு படங்களை எடுத்தது. அவற்றை வட்டுகளில் பதிந்து கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் மூலம் காட்டியது. பிற்காலத்தில், மின்சாரமில்லாத இடங்களிலும் இயங்கும் கையடக்கமான படவீழ்த்திகள் உபயோகிக்கப்பட்டன. இம்முயற்சியில் தெளிவான உண்மை ஒன்றுண்டு. படம் தானாகவே கற்பித்துவிடுவதில்லை. இடையிடையே அதனை நிறுத்தி, கேள்வி கேட்டு, ஐயம் தீர்க்கும் ஓர் ஊழியர் உடனிருக்கும்போதே அது பயன் தருகிறது. நிறுத்தவும் திருப்பவும் இடங்கொடுப்பது சேமித்த படமேயாகும். ஆகவே சேமிப்பு என்பது இணைப்பில்லாக் குறையை ஈடு செய்வது மட்டுமன்று. இணைப்புள்ள இடத்திலும் அது கற்பித்தலுக்கு உதவுகிறது.

காணொளி வந்து சேரும் விதம்

சேமிப்பின் இயல்பை அறிய, இணையக் காணொளி நம் திரையை அடையும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

திரைப்படத்தைப் போலவே காணொளியும் நிலையான படங்களின் தொடர்ச்சியாகும். அகலவாட்டில் 640, உயரவாட்டில் 480 என்ற கணக்கில் புள்ளிகள் கொண்ட படம் ஒன்றில் 3,07,200 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் தேவை. நொடிக்கு 25 படங்கள் வீதம் கணக்கிட்டால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 23 மெகாபைட்டும், 10 நிமிடத்திற்கு ஏறத்தாழ 13,800 மெகாபைட்டும் ஆகின்றன. இவ்வளவு பெரிய சுமையைக் கைபேசி இணைப்பு தாங்காது. ஆனால் அதே 10 நிமிடக் காட்சி இணையத்தில் ஏறத்தாழ 75 மெகாபைட் அளவில் கிடைக்கிறது. சுமை ஏறக்குறைய 180 மடங்கு சுருங்கிவிட்டது.

இச்சுருக்கத்தின் சூட்சுமம் யாது? கரும்பலகையின்முன் ஆசிரியர் பேசும் காட்சியை எண்ணிப் பார்ப்போம். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அவருடைய கையும் உதடும் மட்டுமே அசைகின்றன; பலகையும் சுவரும் மாறுவதில்லை. மாறாதவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. சிறிது நேரத்திற்கு ஒருமுறை ஒரு முழுப் படத்தை அனுப்பி, இடையில் மாற்றங்களை மட்டும் அனுப்பினாற் போதும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வேறுபாடுகளையும் விட்டுவிடலாம். 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் சுருக்க முறை இத்தத்துவத்தைக் கொண்டே இயங்குகிறது. இதனால் ஒரு விளைவும் உண்டு. கரும்பலகைப் பாடம் நன்கு சுருங்கும். காற்றில் அலையும் நெல்வயலும், பாய்ந்தோடும் ஆறும் அவ்வளவாகச் சுருங்கா.

இவ்வாறு சுருக்கப்பட்ட காணொளி, பெரும்பாலான தளங்களிலிருந்து ஒரே கோப்பாக வருவதில்லை. சில நொடிகள் அளவுள்ள சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தெளிவு நிலைகளில் ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும். கைபேசி அடுத்தடுத்த துண்டுகளைக் கேட்டுப் பெறுகிறது. இணைப்பு வலுவாக இருந்தால் தெளிவு மிக்க துண்டையும், வலுக்குன்றினால் தெளிவு குறைந்த துண்டையும் கேட்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் மங்குவதும் தெளிவதும் இதனாலேயே.

ஆசிரியர்கள் இதனை ஓர் எளிய சோதனையால் மாணவர்க்குக் காட்டலாம். கைபேசியில் ஒரு காணொளியைத் தொடங்கி, 1 நிமிடம் ஓடவிட்டபின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். படம் உடனே நிற்பதில்லை. சிறிது நேரம் தொடர்ந்து ஓடிப் பின்னரே நிற்கும். முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்த துண்டுகள் தீரும்வரை ஓடியது என்பதே இதன் பொருள். அத்துண்டுகள் தற்காலிகமானவை, பார்த்து முடித்ததும் நீக்கப்படுபவை. ஒரு காணொளியை முழுமையாகப் பார்த்துவிட்டதனால் அது நம் கருவியில் தங்கிவிட்டதாகக் கருதுவது தவறு.

சேமிப்பு எனத் தோன்றுபவையும் மெய்யான சேமிப்பும்

சேமித்தல் என்ற ஒரே சொல்லால் வழங்கப்படும் காரியங்கள் மூன்று. அவை தம்முள் பெரிதும் வேறுபடுவன.

முதலாவது, முகவரியைக் குறித்து வைத்தல். காணொளியின் இணைப்பைக் குறித்துக்கொள்வதும், பின்னர்ப் பார்ப்பதற்கான பட்டியலில் சேர்ப்பதும், கணினியில் வலைப்பக்கத்தைச் சேமிப்பதும் இவ்வகையின. வலைப்பக்கத்தைச் சேமித்தால் அதன் எழுத்துகளும் படங்களும் வரக்கூடும். துண்டு துண்டாக வரும் காணொளி அதனுடன் வருவதில்லை. ஒரு நூலின் பெயரைக் குறித்துக்கொண்டவர் அந்நூலைப் பெற்றவராகார்; அதுபோன்றதே இது.

இரண்டாவது, செயலிக்குள் சேமித்தல். யூடியூப் போன்ற செயலிகளில் பதிவிறக்கம் என்னும் பொத்தானை அழுத்தினால், காணொளி உண்மையாகவே கைபேசியின் நினைவகத்திற்கு வருகிறது. இணைப்பின்றிக் காணவும் முடிகிறது. ஆனால் அது அச்செயலியின் பாதுகாப்பில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். மற்றொரு கைபேசிக்கோ பென் டிரைவுக்கோ அதனை எடுத்துச் செல்ல இயலாது. பயனரின் கணக்கோடு அது பிணைக்கப்பட்டுள்ளது. குறித்த கால இடைவெளியில் கைபேசியை மீண்டும் இணையத்தோடு இணைக்காவிடில் அது திறவாது. இக்காலம் சில காணொளிகளுக்கு 48 மணி நேரமாகவும், சிலவற்றிற்கு ஏறத்தாழ 1 மாதமாகவும் உள்ளது. காணொளியை வெளியிட்டவர் அதனை நீக்கிவிட்டால், நம் கைபேசி மறுபடி இணையத்தோடு இணையும்போது அதுவும் நீங்கிவிடும். ஆகவே இவ்வகைச் சேமிப்பு நூலகத்தில் இரவல் பெற்ற நூலை ஒத்தது. நாளைய வகுப்பிற்கு இது போதும். பல வாரங்கள் இணைப்பில்லாப் பகுதியில் தங்கிப் பணி செய்வோர் இதனை நம்பலாகாது.

மூன்றாவது, கோப்பாகச் சேமித்தல். காணொளி முழுவதும் ஒரே கோப்பாக நம் கணினியிலோ கைபேசியிலோ வந்து தங்குகிறது. அதனை எந்தக் கருவிக்கும் பிரதி செய்யலாம், எந்த இயக்கியிலும் ஓட்டலாம், அதற்குக் காலவரம்பில்லை. களப்பணிக்கு உகந்தது இதுவே. எனினும், வெளியிட்டவர் இதற்கு இடமளித்துள்ள காணொளிகளையே இவ்வாறு பெறுதல் முறையாகும்.

மந்தமான இணைப்பும் பொறுமையும்

கோப்பாகச் சேமிப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம்.

காணொளியின் அளவு அதன் பிட் வீதத்தைப் பொறுத்தது. நொடிக்கு எத்தனை பிட்டுகள் செலவாகின்றன என்பதே பிட் வீதம். 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட். ஆகவே பிட் வீதத்தை நொடிகளின் எண்ணிக்கையால் பெருக்கி 8ஆல் வகுத்தால் கோப்பின் அளவு கிடைக்கும். நொடிக்கு 2 மெகாபிட் வீதமுள்ள 10 நிமிடக் காணொளியில் 600 நொடிகள், 1,200 மெகாபிட், அதாவது 150 மெகாபைட்.

நம் இணைப்பு நொடிக்கு அரை மெகாபிட் மட்டுமே தருவதாகக் கொள்வோம். அப்போது இக்காணொளியை நேரடியாகப் பார்க்க முயன்றால் அது நொடிக்கு நொடி தடைப்படும். ஏனெனில் வேண்டுவது 2, கிடைப்பது அரை. ஆனால் அதே இணைப்பைக் கொண்டு அதே காணொளியை 40 நிமிடத்தில் முழுமையாகச் சேமித்துவிடலாம். நேரடியாகப் பார்ப்பதற்கு வேகம் வேண்டும். சேமிப்பதற்குப் பொறுமை இருந்தாற் போதும். மந்தமான இணைப்புள்ள ஊரிலும், இரவில் பதிவிறக்கத்தைத் தொடங்கிவைத்தால் காலையில் தெளிவான படம் கையில் இருக்கும்.

தரவுச் செலவிலும் சிக்கனம் உண்டு. 20 ஆசிரியர்கள் அக்காணொளியைத் தனித்தனியே இணையத்தில் பார்த்தால் 3,000 மெகாபைட் செலவாகும். ஒருவர் சேமித்துப் பிறர்க்குப் பிரதி செய்து தந்தால் 150 மெகாபைட்டே செலவாகும்.

எவ்வளவு தெளிவு வேண்டும்?

காணொளியின் தெளிவு, படத்தின் உயரவாட்டில் அமைந்த புள்ளி வரிசைகளின் எண்ணிக்கையால் 360, 480, 720, 1080 என்று குறிக்கப்படுகிறது. 10 நிமிடக் காணொளிக்கு 360 நிலையில் ஏறத்தாழ 45 மெகாபைட்டும், 480 நிலையில் 75 மெகாபைட்டும், 720 நிலையில் 150 மெகாபைட்டும், 1080 நிலையில் 300 மெகாபைட்டும் ஆகும். காட்சியின் தன்மைக்கேற்ப இவை கூடியும் குறைந்தும் வரலாம்.

உயர்ந்த தெளிவே எப்போதும் சிறந்தது என்று கருத வேண்டுவதில்லை. கைபேசியின் சிறு திரையில் ஒருவரோ இருவரோ பார்ப்பதற்கு 360 அல்லது 480 போதுமானது. கரும்பலகை எழுத்தையோ, இலையில் தோன்றும் நோய்ப் புள்ளிகளையோ காட்டும் படத்திற்கும், படவீழ்த்தியால் சுவரில் காட்டப்படும் படத்திற்கும் 720 தேவை. பேச்சு மட்டுமே முக்கியமானால் ஒலியை மட்டும் சேமிக்கலாம். 10 நிமிடப் பேச்சு 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

கோப்பின் வகைகள்

சேமித்த கோப்பு கணினியில் ஓடுகிறது. ஆனால் பள்ளியின் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவில்லை. இக்குறை பலர்க்கும் நேர்வதாகும். இதன் காரணம், கோப்பின் உறை வேறு, உள்ளிருக்கும் சுருக்க முறை வேறு என்பதே.

கோப்பின் பெயரிறுதியில் காணும் எம்.பி.4, வெப்எம், எம்.கே.வி. என்பன உறையின் பெயர்கள். படமும் ஒலியும் அவ்வுறைக்குள் தனித்தனியே சுருக்கி வைக்கப்பட்டுள்ளன. படத்தைச் சுருக்கும் முறைகளில் எச்.264 மிகப் பழகியது. பழைய கருவிகள் உட்பட ஏறத்தாழ அனைத்தும் அதனை அறியும். பின்னர் வந்த எச்.265, வி.பி.9, ஏ.வி.1 என்பன அளவில் மேலும் சுருக்குவன. ஆயினும் பழைய கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் இவற்றை அறியாதிருக்கலாம். எந்தக் கருவியில் காட்ட நேரிடுமோ என்பது முன்னரே தெரியாதபோது, எச்.264 முறையில் அமைந்த எம்.பி.4 கோப்பைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

கணினியிலும் கைபேசியிலும் வி.எல்.சி. என்னும் இலவச இயக்கியை நிறுவிக்கொள்வது நன்று. பாரிஸ் நகரையொட்டிய பொறியியற் கல்லூரியொன்றின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியில் பிறந்த இது, வழக்கிலுள்ள பெரும்பாலான வகைகளை ஓட்டவல்லது.

சில சமயம் படம் ஓடும்; ஒலி இராது. பல தளங்கள் உயர்ந்த தெளிவுள்ள படத்தையும் அதன் ஒலியையும் தனித்தனி ஓடைகளாக வைத்திருக்கின்றன. சேமிக்கும்போது படத்தை மட்டும் எடுத்தால் விளைவு இதுவே.

பென் டிரைவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஃபேட்32 என்னும் பழைய அமைப்பில் உள்ள பென் டிரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்க இயலாது. எவ்வளவு இடம் காலியாக இருப்பினும் பிரதி செய்தல் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் என்னும் பிந்திய அமைப்பில் இத்தடையில்லை. ஆனால் பழைய தொலைக்காட்சிகள் சில அதனைப் படிப்பதில்லை. நீண்ட படத்தைப் பகுதிகளாகப் பிரித்து வைப்பதோ, தெளிவைக் குறைத்துக்கொள்வதோ இதற்கு எளிய வழி.

எங்கிருந்து பெறலாம்?

பிறர் எடுத்துச் செல்ல வேண்டுமென்றே வெளியிடப்படும் காணொளிகள் பல உள்ளன. 2017ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தீக்ஷா செயலி, பள்ளிப் பாடநூல்களில் அச்சிடப்பட்ட கட்டக் குறியீட்டைக் கைபேசியால் படித்து, அப்பாடத்திற்குரிய காட்சிகளைப் பதிவிறக்கி, பின்னர் இணைப்பின்றிக் காண உதவுகிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டெல். திட்டத்தின் விரிவுரைகளைக் கோப்புகளாகவே பெறலாம். விக்கிமீடியா காமன்ஸ் தளத்திலுள்ள காணொளிகள் யாவும் எடுத்தாளுவதற்கு உரியன. அவை வெப்எம் போன்ற வகைகளில் கிடைப்பதால் பழைய தொலைக்காட்சிகளில் ஓடாமற் போகலாம். விவசாய ஊழியர்களுக்கு ஆக்ஸஸ் அக்ரிகல்ச்சர் தளம் பயன்படும். பல மொழிகளில் அமைந்த விவசாயப் படங்களை அங்கே இலவசமாகப் பதிவிறக்கலாம். எளிய கைபேசிகளுக்கான சிறு கோப்புகளும் உண்டு.

இவற்றினும் நேர்மையானதும் எளியதுமான ஒரு வழி பலர்க்கும் தோன்றுவதில்லை. வேண்டிய காணொளி ஒரு துறையாலோ, பல்கலைக்கழகத்தாலோ தயாரிக்கப்பட்டிருப்பின், அதன் மூலக் கோப்பையே கடிதம் எழுதிக் கேட்டுப் பெறலாம். பரவ வேண்டும் என்பதற்காகவே படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவ்வாறு பெறும் கோப்பு, இணையத்தில் காண்பதைவிடத் தெளிவாகவும் இருக்கும்.

அனுமதியும் சட்டமும்

இணையத்தில் இலவசமாகக் காணக் கிடைப்பது வேறு. பிரதி செய்யும் உரிமை வேறு. யூடியூபின் நிபந்தனைகள், அத்தளமே அளிக்கும் பதிவிறக்க வசதியைத் தவிர்த்து வேறு முறையில் பிரதி எடுப்பதை, உரிய அனுமதி இருந்தாலன்றி ஏற்பதில்லை. இதற்கெனப் புறக்கருவிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான யூடியூப்-டி.எல்., இசைத் தொழிலினரின் முறையீட்டால் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் கிட்ஹப் தளத்திலிருந்து அகற்றப்பட்டு, நவம்பரில் மீண்டும் வைக்கப்பட்டது. ஒரு கருவி கிடைக்கிறது என்பதனால் அதனைக் கொண்டு எதையும் எடுக்கலாம் என்பதாகாது.

படைப்பாளர் தாமாகவே முன்வந்து பிறர்க்கு உரிமை அளிப்பதும் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிமக் குறி இதனைக் காட்டும். மூலப் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிடல், வியாபாரத்திற்கு உபயோகியாமை, மாற்றம் செய்யாமை போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கலாம். அவற்றைப் படித்து ஒழுகுதல் வேண்டும்.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ செய்யும் பிரதிக்குச் சில சலுகைகளை அளிக்கிறது. அதே சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்துடன் தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே கல்வி என்ற பெயரால் எதுவும் செல்லும் என்று எண்ணாமல், உரிமம் தெளிவாக உள்ளவற்றை முதலில் நாடுவதே ஊழியர்க்கு ஏற்றது.

போலித் தளங்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். காணொளியை இறக்கித் தருவதாகக் கூறி, தீங்கான மென்பொருளைப் புகுத்தும் பக்கங்கள் உண்டு. காணொளிக் கோப்பின் பெயர் எம்.பி.4, வெப்எம், எம்.கே.வி. போன்றவற்றில் முடியும். கைபேசியில் ஏ.பி.கே. என்றோ, கணினியில் எக்ஸ்இ என்றோ முடியும் கோப்பு காணொளியன்று. அது ஒரு நிரல். அதனைத் திறக்காமல் நீக்கிவிட வேண்டும்.

ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு

கணினியிலிருந்து கைபேசிக்குக் கோப்பை மாற்ற, யு.எஸ்.பி. கம்பியால் இரண்டையும் இணைத்து, கைபேசியின் திரையில் கோப்பு மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசிகளுக்கிடையே, இணையம் இல்லாமலேயே, அருகிலுள்ள கருவிக்குக் கோப்பை அனுப்பும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் உண்டு. பென் டிரைவை உபயோகிப்போர், பிரதி முடிந்ததும் உடனே பிடுங்காமல், பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே எடுக்க வேண்டும். எழுதி முடிந்ததாகத் திரை காட்டினாலும் உள்ளே எழுதுதல் தொடர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

வாட்ஸ்அப் மூலம் காணொளியாக அனுப்பினால் அது மேலும் சுருக்கப்பட்டு மங்கலாகிவிடுகிறது. எழுத்துகளும் நுண்ணிய விவரங்களும் முக்கியமாயின், அதனை ஆவணமாக இணைத்து அனுப்புதல் வேண்டும். அப்போது மூலக் கோப்பு மாறாமல் செல்லும். எழுத்துரை தனிக் கோப்பாக இருப்பின், காணொளியின் பெயரையே அதற்கும் இட்டு ஒரே இடத்தில் வைத்தால் பெரும்பாலான இயக்கிகள் அதனைத் தாமே கண்டுகொள்ளும்.

சேமித்த படம் முதுமை அடைவதை மறவாதீர்

சேமிப்பின் பெருமையே அதன் குறையும் ஆகும். கோப்பு மாறுவதில்லை, ஆனால் விஞ்ஞானமும் சட்டமும் மாறுகின்றன. எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியின் உற்பத்தி, விற்பனை, உபயோகம் ஆகியவற்றிற்கு 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குமுன் எடுக்கப்பட்ட ஒரு விவசாயப் படம் அம்மருந்தைத் தெளிக்கும்படி இன்றும் அறிவுரை கூறிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2002ஆம் ஆண்டில் ஓ.ஆர்.எஸ். பொடியில் சோடியத்தையும் குளுக்கோஸையும் குறைத்துப் புதிய கலவையைப் பரிந்துரைத்தன. அதற்கு முந்தைய படத்தில் பழைய அளவே காணப்படும். இணையத்தில் வெளியிட்டவர் தவறான படத்தை நீக்கிவிட முடியும். நூறு பென் டிரைவுகளில் பரவிய பிரதிகளை எவரும் திரும்பப் பெற முடியாது.

ஆகவே ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பொருள், மொழி, தயாரித்த ஆண்டு, தெளிவு ஆகியவற்றைக் குறிப்பது நல்ல பழக்கம். "நெல்-விதைநேர்த்தி-தமிழ்-2023-480" என்ற பெயரைக் கண்டதும் அதனுள் இருப்பது யாது, அது எவ்வளவு பழையது என்பது விளங்கும். மருந்தின் அளவு, பூச்சிக்கொல்லி, தடுப்பூசி அட்டவணை ஆகியவற்றைப் பற்றிய படங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடப்பு விதிகளோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை நீக்கிவிட வேண்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனை

இறுதியாக, இவையனைத்தையும் உறுதி செய்யும் ஒரு சோதனை உண்டு. அதற்கு 5 நிமிடம் போதும்.

கைபேசியில் விமானப் பயன்முறையை இயக்கி, வைஃபை இணைப்பும் நின்றிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னர்க் காணொளியைத் திறந்து தொடக்கத்திலும், நடுவிலும், இறுதியிலும் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதியில் நின்ற பதிவிறக்கமானால் இறுதிப் பகுதி ஓடாது. சில கோப்புகள் திறக்கவே மாட்டா. ஒலி வருகிறதா என்பதையும், கூட்டத்தில் கேட்கும் அளவிற்கு வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். படத்தைக் காட்டப்போகும் தொலைக்காட்சியிலோ படவீழ்த்தியிலோ இச்சோதனையைச் செய்ய முடியுமாயின் மிக நன்று. இயலாவிடில், அதே படத்தைக் கைபேசியிலும் பென் டிரைவிலுமாக இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியிலும் படவீழ்த்தியிலும் மின்னேற்றம் நிரம்பியிருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயலிக்குள் சேமித்த படமாயின் மேலும் ஒரு காரியம் உண்டு. புறப்படும் நாளன்று காலையில், இணைப்புள்ள இடத்தில் அச்செயலியை ஒருமுறை திறந்து, அதன் காலவரம்பைப் புதுப்பித்துக்கொண்ட பின்னரே விமானப் பயன்முறைச் சோதனையைச் செய்ய வேண்டும்.

இணைப்பில்லாத கிராமத்திலும், இணைப்புள்ள நகரத்தில் வாழ்வோர் பெறும் அதே அறிவை அளிக்க முடியும். அதற்குக் கோபுரங்கள் எழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. திரையில் பார்த்ததைப் பெற்றதாக எண்ணாமல், பெற்றதையும் சோதித்த பின்னரே நம்பி எடுத்துச் செல்லும் ஊழியர், மாலையில் கூடியிருக்கும் மக்களின் நேரத்தை மதிப்பவராவார். அடுத்த கூட்டத்திற்கு அம்மக்கள் மீண்டும் வருவதற்கு அதுவே சிறந்த அழைப்பாகும்.